பேர் பதிஞ்ச வருஷம்

நிவித்திகல டவுனில் என் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போன கடையில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, நகங்களில் தேயிலைக் கறை. தான் பிறந்த வருஷத்தில் செய்த கைக்கடிகாரம் வேண்டுமென்று வந்திருந்தார். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் காதில் வைத்துக் கேட்டார்.

கடைக்காரர் ஒன்றின் பின்மூடியைத் திறந்து செய்த வருஷத்தைச் சொல்லும் நம்பரை, அவர் கொடுத்திருந்த ஐடென்டிட்டி கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "உங்க ஐடென்டிட்டி கார்டுல உள்ள அதே வருஷம்."

"அது பேர் பதிஞ்ச வருஷங்க. தோட்டத்துல லேட்டாத்தான் பதிஞ்சாங்க. பொறந்தது முந்தின வருஷம்."

"அப்ப இது சரிவராதே."

அவர் அதை மறுபடி காதில் வைத்தார். "இதையும் லேட்டாப் பதிஞ்சிருப்பாங்களோ?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து அந்த நம்பரைத் திரும்பவும் பார்த்தார்.

பெரியவர் அதையே வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் எதில் வருஷம் போட்டிருந்தாலும், அது பிறந்ததா பதிந்ததா என்று யோசிக்கிறேன்.