மரியசெல்வியின் பழைய கல்

பாச்சாங் ஊரில் கல்லறைக் கல் செதுக்கும் ஜோனாஸுக்குப் பேய்ப்பயம் கிடையாது. இருந்தால் அந்தத் தொழில் ஓடாது. அவர் பயந்ததெல்லாம் அதிகாரிகளுக்குத்தான்.

கடைப் பலகையில் தமிழ் பெரிதாகவும் மலாய் சிறிதாகவும் இருக்கிறது, மாற்றாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்று கடிதம் வந்தது. ஒரே வாரத்தில் மாற்றினார். அதோடு நின்றிருக்கலாம். பயந்த மனிதன் சட்டம் கேட்காத இடத்திலும் போய்க் கும்பிடு போடுவான். அந்த மாதம் செதுக்கிய கல்லில் மலாய் வாசகமும், மலாய்க்கு வழங்கும் ரூமி என்ற ஆங்கில எழுத்தில் பெயரும் சாண் உயரத்துக்கு நின்றன. தமிழ் அடியில் எறும்பாக ஊர்ந்தது.

அது மரியசெல்வியின் கல். நியாலாஸ் தோட்டத்திலிருந்து வந்து, கடைக்கு எதிரே ஆப்பம் சுட்டவர். தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. கிளினிக் கடிதம் வந்தால் எடுத்துவந்து, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டி, "இதுல என்ன போட்டுருக்கான் தம்பி?" என்பார். பதினோரு வருடம் படித்துச் சொன்னது ஜோனாஸ்தான்.

முதலாண்டு நினைவுப் பூசையில் ஃபாதர் கல்லை ஜெபித்து மந்திரித்த பிறகுதான் மகன் டெரன்ஸ் எழுத்தைக் கவனித்தான். நேரே கடைக்கு வந்தான்.

"எங்கம்மாவுக்கே படிக்கத் தெரியாத கல்லு எங்கம்மாவுக்கு எதுக்கு அங்கிள்?"

"சட்டம்லா டெரன்ஸ்."

"கடைக்குத்தான்லா சட்டம்! செத்தவங்களுக்குமா லைசென்ஸ்?"

ஜோனாஸ் இறங்கிவரவில்லை. தமிழ் சிறுத்துப்போன குறையை டெரன்ஸ் மலாய்ப் புகார்ப் பாரத்தில் எழுதி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கொடுத்தான். அங்கே யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. கல்லுக்குச் சொன்னபோது டெரன்ஸ் கொடுத்த மாதிரிப் படத்தில் தமிழ்தான் பெரிது. ஆகவே கல்லறைத் திருநாளுக்குள் வேறு கல் என்று தீர்ப்பானது.

புதுக்கல் போனது. பழையது கடைக்கு வந்தது. மந்திரித்த கல்லை உடைக்க ஜோனாஸுக்குக் கை வரவில்லை, மூலையில் சாத்திவைத்தார். மறுநாள் காலை கல்லின் தூசியில், ரூமி எழுத்துகளின் மேல் மட்டும், விரல் போன தடம். பல்லி என்று சொல்லிக்கொண்டார். பல்லி இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்திலும் நின்று நின்று போகுமா என்று யோசிக்க அவர் விரும்பவில்லை. துடைத்தார். அடுத்த நாளும் தடம். கூடவே புளித்த ஆப்ப மாவின் வாடை. சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். வாடை கூடியது. மறுபடி திருப்பினார்.

நவம்பரில் விலைச் சோதனைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். கடையிலுள்ள ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும். எல்லாக் கல்லிலும் இருந்தது, ஒன்றைத் தவிர.

"இது என்ன விலை?" என்று மலாயில் கேட்டார்.

ஜோனாஸ் அவசரமாக ஓர் அட்டையில், 'விற்பனைக்கு அல்ல' என்று மலாயில் எழுதி ஒட்டினார். அதிகாரி தலையாட்டினார். அப்போது அந்த மாவு வாடை ஜோனாஸின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

பதினோரு வருடம் கேட்ட அந்தக் கேள்வி வருவதற்குள், "விக்கிறதுக்கு இல்லன்னு போட்டுருக்குக்கா," என்றார் ஜோனாஸ், வாய்விட்டு.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் வேறு யாருமில்லை. ஜோனாஸ் மார்க்கரை எடுத்து, அதிகாரியின் கண்ணெதிரிலேயே, அட்டையில் தமிழையும் எழுதினார். மலாயைவிடப் பெரிதாக.

மறுநாள் காலை கல்லில் தூசி தடமில்லாமல் படிந்திருந்தது. அட்டையில் மட்டும், தமிழ் எழுத்தின் மேல், விரல் ஓடியதுபோல் மை லேசாகக் கலைந்திருந்தது.