பிளந்த பலகையில் ஒரு முத்திரை

என் நாத்தனாருக்கு எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார வராது. நாற்காலி போட்டால் நுனியில் இருப்பார். கண் மட்டும் மேலே. எங்கள் கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றும் என்னைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார்.

மர மில்லில் பலகைகளுக்குத் தரம் பார்த்து, தன் எண் உள்ள முத்திரையைக் குத்துவது அவர் வேலை. அறுத்த முனையை முகர்ந்தே பைனா, தேவதாருவா என்பார். கணு எங்கே, நார் எப்படி ஓடுகிறது என்று தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார்.

நாங்கள் வீடு கட்டினோம். முக்கோணமாகக் கோத்த கூரைச் சட்டங்கள் ஏறிவிட்டன. மறுநாள் சீலிங் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும். அன்று மத்தியானம் வந்த நாத்தனார் நேராக ஏணியைத் தேடினார்.

"அண்ணி, முதல்ல தண்ணியாவது குடிங்க."

"இரும்மா."

எங்கள் குழந்தை தூங்கப்போகும் அறைக்கு மேலே ஒரு சட்டத்தைத் தடவினார். இறங்கினார், மறுபடி ஏறினார்.

"இதை மாத்தணும்."

தச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முதல் தரம்னு முத்திரை இருக்கே! நம்பரும் உங்களோடதுதான்."

"முத்திரை என்னோடதுதான். ஆனா நான் பார்த்த பலகை இது இல்ல. அகலப் பலகைய நெடுக்கப் பிளந்திருக்கீங்க."

தச்சர் தலையைச் சொறிந்தார். அளவான பலகை கிடைக்கவில்லையாம். "மரம் அதே மரம்தானேம்மா?"

"மரம் அதேதான். நடுவுல இருந்த கணு இப்ப ஓரத்துக்கு வந்திருச்சு. இது முக்கோணத்தோட கீழ்ச்சட்டம், ரெண்டு பக்கமும் இழுபடும். கணு இருக்கிற இடத்துலதான் விரிசல் விடும். இதோட மறுபாதி எங்க?"

தச்சர் பக்கத்துச் சட்டத்தைக் காட்டினார்.

என் கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, நீ எங்க போனாலும் ஒரு குத்தம் கண்டுபிடிப்ப. இப்ப இறக்கினா மழைக்கு முன்னாடி முடியாது."

பொய் சொல்வானேன், நானும் அதையேதான் நினைத்தேன். இந்த நாத்தனார் வந்தாலே வீட்டில் அமைதி போய்விடும்.

நாத்தனார் தச்சரின் இழைப்புளியை எடுத்துக்கொண்டு ஏறினார். தன் முத்திரையை, எண்ணோடு சேர்த்து, இழைத்துத் தள்ளினார். சீவல் சுருள் சுருளாக என் தலையில் விழுந்தது.

"இப்ப இது யாரும் தரம் பார்க்காத மரம். இதுக்குக் கீழ குழந்தையப் படுக்க வைப்பீங்கன்னா வைங்க."

கணவர்தான் முதலில் போய் ஏணியைப் பிடித்தார். இரண்டு சட்டங்களும் இறங்கின.

மழை முந்திக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் வாளிகளை வைத்துக்கொண்டு நாத்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

புதுச் சட்டங்கள் ஏறிய அன்று அவர் மறுபடி வந்தார். ஏறினார், முகர்ந்தார், முனை முதல் முனை வரை தடவினார். இறங்கி, மரத்தூள் கிடந்த வெறுந்தரையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. அந்த மனுஷி ஒரு கூரைக்குக் கீழே அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை.

சீலிங் அடிக்கத் தச்சர் சுத்தியலோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"சத்தம் போடாதீங்க. அண்ணி எந்திரிக்கட்டும்."