பதினாலு காலுக்குப் பொறுப்பானவர்

மடவளை ஜவாஹிர், கடலிலிருந்து நூறு கிலோமீற்றர் தள்ளி, கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் கடல்மீன் விற்கிறவர். ஆகவே கண்டியில் கடலுக்கு அவர்தான் பொறுப்பு. மீன் நாறினாலும் அவர், கடல் கொந்தளித்து மீன் வராவிட்டாலும் அவர். போன திங்கட்கிழமை ஒரு பாரை மீனின் நாக்கோடு ஒட்டிக்கொண்டு பூச்சியொன்று இருந்ததற்கும் அவர்தான்.

வாங்கிய பெண் அலறினாள். படம் முகநூலுக்குப் போனது. சுகாதாரப் பரிசோதகர் திலக்ஷன் வந்தார்.

"இது மீன்பேன் தம்பி, இறால்ட சாதி. இருவத்தஞ்சு வருஷமா பாக்குறன். ஒண்ணும் செய்யாது."

"நானா, நீங்க சொன்னா ஆச்சா? என்ன உயிரினம்னு படிச்சவங்க எழுதித் தரணும். அதுவரைக்கும் கடைக்கு சீல்."

ஸ்பிரிட்டில் போட்டு வைக்கச் சொல்லி, ஆதாரத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார். ஸ்பிரிட் என்றதும் ஜவாஹிருக்குச் சாராயம்தான் நினைவு வந்தது. ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கும் மனிதர். வினாகிரியில் போட்டார். அச்சாறு கெடாத இடத்தில் பூச்சி எப்படிக் கெடும்?

எழுதித் தர ஆள் தேடி மூன்று நாள் கந்தோர் கந்தோராக அலைந்தார். மிருக வைத்தியர் ஆடு மாடு என்றால் பார்க்கலாம் என்றார். விவசாயக் கந்தோரில் எந்தப் பயிரைத் தாக்குகிறது என்று கேட்டார்கள். நாலாம் நாள், ஓர் ஆய்வுகூடத்தில், கஜலட்சுமி என்ற யாழ்ப்பாணத்து அம்மணி கதிரை தந்து, போத்தலில் இருந்ததைத் தட்டில் கவிழ்த்து, நுணுக்குக்காட்டியால் பார்த்தார்.

"ஐயா, ஏழு சோடிக் காலை வைச்சுத்தான் இதை இன்னதெண்டு சொல்லலாம். கால் எங்கை?"

"மீன்ட வாய்ல இருக்கக்குள்ள இருந்திச்சி மிஸ்."

"வினாகிரி ஓட்டையும் காலையும் கரைச்சுப் போட்டுது. இப்ப இது பூச்சியெண்டுகூட நான் எழுதேலாது. முழுசா ஒண்டு கொண்டு வாங்கோ."

சின்னப் போத்தலில் ஸ்பிரிட்டும் ஊற்றித் தந்தார்.

இருபத்தைந்து வருடமாகச் சுண்டி எறிந்த சாதி, தேடும்போது ஒன்றுகூட அகப்படவில்லை. மற்றக் கடைகளில் மீன் வாய்களைத் திறந்து பார்க்கப்போய், "எங்கட கடைக்கும் பூச்சி வைக்க வந்தீங்களா?" என்று விரட்டுப்பட்டுத் திரும்பினார்.

"பல்லு டொக்டர் வந்துட்டாரு," என்றாள் மனைவி ரபீகா. "இண்டைக்கு எத்தின பேர் வாயத் தொறந்தாங்க?"

ஆறாம் நாள் நீர்கொழும்பு லொறியில் வந்த பாரையொன்றின் வாயில் ஒன்று கிடைத்தது. பதினாலு காலும் பத்திரம். கஜலட்சுமி எண்ணி, அளந்து, ஜவாஹிரின் வாயில் நுழையாத லத்தீன் பெயரோடு கடிதம் தந்தார்: மனிதருக்குத் தீங்கில்லை.

திலக்ஷன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"சரிதான் நானா. ஆனா இது ரெண்டாவது பூச்சி. சீல் வச்சது மொதப் பூச்சிக்கு."

ஜவாஹிர் கதிரையில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார். பயந்துபோன திலக்ஷன் தண்ணீரோடு வழியும் கொடுத்தார்: "ரெண்டும் ஒரே சாதின்னு சத்தியக்கடதாசி ஒண்ணு குடுங்க. முடிச்சிருவோம்."

கால் உள்ளதும் கால் இல்லாததும் ஓரினமே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து, ஜவாஹிர் கையெழுத்திட்டார். சீல் உடைந்தது. அன்று அவர் மீன் எடுக்கவில்லை. கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு, காலி ஐஸ் பெட்டியின் மேல் படுத்துத் தூங்கினார்.