நயினார் நடத்திய காது டெஸ்ட்

தாராவியில் எங்கள் எதிர்வீட்டு நயினார் சைக்கிளில் இட்லி விற்கிறவர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான். கொரோனா நேரத்தில் அவர் பிடித்த முயல் ஆஸ்பத்திரி.

"இல்லாதவனுக்கும் கொரோனா குடுத்து அனுப்புத எடம் அது. ஒருத்தருக்கு வந்தா வீட்டோட அள்ளிட்டுப் போயிருவான்" என்பார்.

மகள் முத்துமாரிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. காதைக் காட்ட வேண்டும் என்று அவர் மனைவி விஜயலட்சுமி சொல்லாத நாள் இல்லை.

"நாள் போச்சுன்னா பேச்சே வராதாம்ங்க."

"காது எங்கட்டி போயிரப் போவுது? கொரோனா முடியட்டும். ஹாரன் அடிச்சா ஓடி வாராள்லா, பொறவு என்ன?"

ஓடி வருவாள் என்பது உண்மைதான். அவர் சைக்கிளில் இருக்கிற ரப்பர் ஹாரனை அமுக்கியதும் சந்துப் பிள்ளைகள் அத்தனையும் ஓடும், முத்துமாரியும் ஓடுவாள். ஓடி வருகிற மகளைக் காட்டி, "இதுக்கு எதுக்கு டாக்டரு?" என்று வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்பார். கையில் இட்லியை வைத்துக்கொண்டு யார்தான் இல்லை என்பார்கள்?

எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிற மெஹக் என்ற பெண் வீடியோ காலிலேயே பிள்ளைகளைப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, என் போனில் ஏற்பாடு செய்தேன். போன் வழியாகக் கொரோனா வராது என்பதால் நயினாரும் ஒத்துக்கொண்டார். மெஹக் இந்தியில் கேட்டது ஒன்றே ஒன்று: சத்தமில்லாத இடம். எங்கள் சந்தில் உப்பு கேட்டால் கிடைக்கும், சர்க்கரை கேட்டால் கிடைக்கும். இதற்கு எங்கே போவது?

பக்கத்துத் தையல் கார்கானாக்காரர் லாசர் தன் பட்டறை மிஷின்களை நிறுத்தினார். வேலை நின்றதால் தையல்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். "ஒருத்தனும் மூச்சு விடப்படாதுல" என்று லாசர் போட்ட சத்தம்தான் அன்றைக்குப் பெரிய சத்தம். டாக்டர் பார்க்கிறாள் என்று தாடையில் கிடந்த மாஸ்க்கையெல்லாம் மூக்குக்கு ஏற்றிக்கொண்டார்கள்.

முத்துமாரி அம்மா மடியில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சேலைத் திரைக்குள் ஹாரனோடு நயினார். அமுக்கினார். பிள்ளை சட்டென்று திரும்பினாள். சந்தே கைதட்டியது. நயினார் திரையை விலக்கிக்கொண்டு, எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி கும்பிட்டார்.

மெஹக் மட்டும் கைதட்டவில்லை. பிள்ளைக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். வீட்டு ஆட்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வாசல் பக்கம் திருப்பினேன். அவள் தலைகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு, ஹாரன் அடித்ததும் இவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் பிள்ளை திரும்பியிருக்கிறாள் என்றாள். எல்லோரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். விஜயலட்சுமியிடம், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சமும் அசையக் கூடாது என்றாள்.

லாசர், தையல்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வாத்தியார் நிற்க வைத்த பிள்ளைகள்போல் சுவரைப் பார்த்து நின்றார்கள். நயினார் ஹாரனை அமுக்கினார். முத்துமாரி அம்மாவின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அமுக்கினார். திரையை விட்டு வெளியே வந்து, அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, விடாமல் அமுக்கினார். அவள் அடுத்த வளையலுக்குப் போனாள். மூடிய கண்ணிலிருந்து விஜயலட்சுமிக்குத் தண்ணீர் வழிந்தது, ஆனால் சொன்னபடி அவள் அசையவே இல்லை.

நயினார் ஹாரனைக் கீழே வைத்தார். என் கையிலிருந்த போனை வாங்கி, தனக்குத் தெரிந்த இந்தியில், நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எந்த கேட் வழியாக வர வேண்டும் என்று கேட்டார்.

அதற்குள் அடுத்த சந்துகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் தூக்குச்சட்டியும் டப்பாவுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சுவரைப் பார்த்து நிற்கிற கூட்டத்தை ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இட்லி எங்க? இவ்வளவு நேரமா ஹாரன் அடிச்சீங்களே" என்றார் ஒருவர்.

"இட்லி இல்ல" என்றார் நயினார். "எம் மவளத்தான் கூப்பிட்டேன்."