பனி கம்மி என்றார்கள்

வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கியதும் இல்லை. என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகப் பிராணி. அப்படிப்பட்ட என்னை ஸ்ரீரங்கத்திலிருந்து கிளப்பி இமயமலைக்கு ட்ரெக்கிங் அழைத்துப் போனார். குளிர்காலம் இப்போதுதான் தொடங்குகிறது, பனி கம்மியாகத்தான் இருக்கும், பயமே வேண்டாம் என்றார்.

அந்தக் ‘கம்மி’தான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கொள்ளிடம். வெள்ளம் புரளும்போது அதில் யாரும் இறங்குவதில்லை, பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முழங்கால் தண்ணீர் ஓடுகிற நாளில்தான் சிரித்துக்கொண்டே குளிக்க இறங்குவார்கள், மணல் அள்ளிய பள்ளம் அடியில் இருப்பது தெரியாமல். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை எங்கள் ஊரில் யாரும் பேச்சு அழகுக்காகச் சொல்வதில்லை.

மலையில் பனி உண்மையிலேயே கம்மிதான். ஆங்காங்கே பாறையும் காய்ந்த புல்லும் தெரிந்தன. மார்கழியில் மப்ளர் கட்டிக்கொண்டு திருவானைக்காவல் வரை நடக்கிறோமே, அதுவும் பனிதான், இதுவும் பனிதான் என்றார் என் கணவர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று.

எங்கள் இருவரையும் கூட்டிப் போன வழிகாட்டி முதல்நாளே ஒரு குழி வெட்டிக் காட்டியிருந்தார். சீசனில் முதலில் விழுந்த பனி மெல்லிசாகக் குளிரிலேயே கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிட்டது. அதன்மேல் காற்று கொண்டுவந்த புதுப்பனி பலகைபோல் இறுகிவிட்டது. அடியில் இருந்ததை அள்ளிப் பார்த்தேன். வறுத்த ரவை மாதிரி விரலிடுக்கில் ஓடியது. ஓர் ஆளின் பாரம் பட்டாலே, சில சமயம் தள்ளி நடந்தாலேகூட, மேல்பலகை மொத்தமாகச் சரியலாம், பனிச்சரிவுக்கு நிறையப் பனி வேண்டும் என்று நினைக்காதீர்கள் என்றார். கெட்ட செய்தியை மட்டும் நான் சந்தேகிப்பதில்லை. என் கணவர் என் காதருகே, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார்.

மறுநாள் பகலில் ஒரு பெரிய சரிவின் ஓரத்துக்கு வந்தோம். அதைக் கடந்தால் கூடாரம் போடும் இடம். மேலே ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை பாறையை விட்டு நகராதீர்கள், கடப்பதானாலும் ஒவ்வொருவராகத்தான் என்று சொல்லிவிட்டு வழிகாட்டி ஏறிப் போனார்.

சரிவின் குறுக்கே யாரோ நடந்த காலடித் தடம் இருந்தது. பார், ஆள் போயிருக்கிறது என்றார் என் கணவர். எனக்கு அந்தத் தடத்தின்மேலும் சந்தேகம். பாதி மூடிக் கிடந்தது. போனவர் காற்றடிப்பதற்கு முன்பு போனாரா, பின்பா? தடம் வளைவில் திரும்பி மறைந்தது. அவர் அக்கரை சேர்ந்தாரா என்பதை அது சொல்லவில்லை.

குளிர் ஏறியது. வழிகாட்டி திரும்பவில்லை. என் கணவர் பையை மாட்டிக்கொண்டார்.

“நான் போறேன். நீ அவரோட வா.”

எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் ‘வரேன்’தான். அதற்குள் அவர் நாலைந்து எட்டு வைத்திருந்தார்.

“இங்க வாங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க.”

“இங்கேருந்தே சொல்றேனே.”

“பக்கத்துல வந்து சொல்லுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார். வந்தவுடன் அவருடைய பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம். நான் விடவில்லை. இவர் இல்லாத வீட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டேன், அதற்குமேல் என்னால் விட முடியவில்லை.

வழிகாட்டி இறங்கி வந்து, வேண்டாம், முகடு வழியாகச் சுற்றிப் போவோம் என்றார். என் கணவர் என்னோடு பேசாமலே ஏறினார். முகட்டுக்கு வந்தபோது கீழே அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டதுபோல ஒரு சத்தம். சரிவு முழுவதும் கோடு விழுந்து, பலகை பலகையாக உடைந்து இறங்கியது. வெண்புழுதி அடங்கியபோது வெறும் கல்லும் புல்லும்தான் இருந்தன. பழைய தடம் இல்லை. பாறை ஓரத்தில் மட்டும் என் கணவரின் காலடிகள் மிஞ்சியிருந்தன, போனதும் வந்ததுமாக.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

‘போயிட்டு வரேன்’ என்ற சொல்தான் காப்பாற்றியது என்று நான் நம்பவில்லை, அதன்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இப்போது காலையில் மன்னார்புரம் ஆபீசுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிய பிறகும், நான் அடுப்படியிலிருந்து வரும்வரை அவர் வாசலில் நிற்கிறார். போயிட்டு வரேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறார்.