தாம்பூலப் பை வேண்டாம் என்றவன்

சென்ற வாரம் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை வேண்டாம் என்றேன்... அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் சபதம் நினைவிருக்கும். எங்கள் ஊரான படப்பைப் பக்கத்து ஏரி மதகில் கேரி பேக் அடைத்துக்கொண்டு, வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் ரோட்டுக்கு வந்த கதையை எழுதி, 'இனி இந்தக் கை பிளாஸ்டிக் பையைத் தொடாது' என்று முடித்திருந்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் பூக்காரம்மா கூட முழம் மல்லியைக் கேரி பேக்கில்தான் போட்டுத் தருகிறார். நான் பூ வாங்க டிபன் பாக்ஸோடு போகிறேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. போகட்டும்.

பிள்ளைப்பாக்கம் ஏழுமலை என் நண்பர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். அவர் மகள் சுமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேரப்பணஞ்சேரி. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறேன். வாசலில் தாம்பூலம் கொடுக்கிறார்கள். மஞ்சள் துணிப்பையைக் காணோம். பளபளவென்று சிவப்பு பிளாஸ்டிக் பை, மேலே மணமக்கள் பெயர்.

"பை வேணாம்மா. தேங்காயை மட்டும் கையில கொடு" என்றேன்.

"பையோடதான் குடுக்கணும்னு சொல்லிகீறாங்க சார்" என்றாள் அங்கே நின்ற பெண்.

கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன். கொள்கைவாதி என்றால் சும்மாவா? நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகூட இருந்தது.

பக்கத்திலேயே மாப்பிள்ளையின் தாய்மாமன் நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஏழுமலை மொபெட்டில் மூச்சு வாங்க வந்தார்.

"சார், வந்து வண்டில குந்துங்க. மாப்ள வூட்டுக்காரங்க கெளம்பினு கீறாங்க."

"ஏன்?"

"பத்திரிகைல எழுதுற ஆளு, கை நனைச்சிட்டுத் தாம்பூலம் வேணாம்னு போறாருன்னா, பொண்ணு பத்தி அவருக்கு இன்னாவோ தெரிஞ்சிகீதுன்றாங்க சார்."

மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒன்று காலி. அது எனக்குத்தான்.

"தெரிஞ்சத சொல்லிடுங்க சார். காலைல தாலி கட்டிட்டா அப்பால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் தாய்மாமன். மரியாதையாகத்தான் கேட்டார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. பிரச்சினை ஏரி மதகுதான்" என்றேன்.

"எந்த மதகு?"

"எங்க ஊர் மதகு. அடைச்சுக்கிச்சு."

"அதுக்கும் பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை."

"சம்பந்தம் இல்லன்னா அந்தப் பேச்சு எதுக்கு வருது சார்?"

நியாயமான கேள்வி. நான் பதில் யோசிப்பதற்குள், 'பொண்ணு ஏரில வுழுந்துச்சாமே' என்று பின்வரிசையில் ஒரு குரல். 'மதகுல மாட்டிகினு இருந்ததாமே' என்று அதற்கும் பின்னால் இன்னொன்று. சுற்றுச்சூழல் பற்றி நம் ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று யார் சொன்னது?

ஏழுமலை என் காதோரம் குனிந்தார். "அந்தப் பைய நானே எங்க மிஷின்ல ஓட்டினது சார். ஓ.டி. முடிஞ்சதும், சூப்பர்வைசரக் கெஞ்சி... எம்பொண்ணு பேரு போட்டது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் சுமதி மாலையும் கழுத்துமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் வெட்டி வீராப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பையைக் கொண்டாங்கப்பா" என்றேன்.

ஒரு பையோடு விட்டார்களா? "எங்க கையாலயும் வாங்கணும்" என்றார் தாய்மாமன். அப்புறம் சித்தப்பா. அப்புறம் அத்தைகள், வரிசையாக. சந்தேகம் தீராத ஒருவர் இரண்டாம் முறை வந்து கொடுத்தார். வீடியோக்காரர் லைட்டை என் முகத்தில் அடித்து, "பேரு தெரியற மாதிரி தூக்கிப் புடிங்க சார்" என்றார். தூக்கிப் பிடித்தேன். அத்தனை பையோடும் வீடு திரும்பும்போது பஸ் கண்டக்டர் என்னைத் தேங்காய் வியாபாரி என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

காலையில் முகூர்த்தம் ஜாம்ஜாமென்று நடந்தது. மூன்று முடிச்சு விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கிளம்பும்போது ஏழுமலை ஓடி வந்தார்.

"உங்க கொள்கை எனக்குத் தெரியாம போச்சு சார். எம்பொண்ணுதான் சொல்லுச்சு, நீங்க எழுதினத அது படிச்சிகீது. அதான் உங்களுக்குன்னு தனியா துணிப்பைல போட்டாந்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினேன். புத்தம் புது மஞ்சள் துணிப்பை... ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"துணி அழுக்காயிடுமில்ல சார்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வேறு வழி? தாம்பூலத்தைத் தட்டினால் கோபித்துக்கொள்ளச் சம்பந்தி இருக்கிறார். இந்த மண்ணுக்கு அப்படி ஒரு சம்பந்தியும் இல்லையே.