சுவர் முனையில் கை காட்டியவர்

இது நடந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருக்கு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். குப்பத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். மரக்காணத்துக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கிளம்பி வந்துவிடுவீர்கள். அந்த வீட்டில் இன்னும் அழுகை ஓயவில்லை. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைக்கலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. கடைசி வரைக்கும் படித்துவிட்டு நினையுங்கள், அது போதும்.

அவன் பெயர் சந்தோஷ். முப்பத்திரண்டு வயது. பெயரில் இருப்பது முகத்தில் ஐந்து வருடமாக இல்லை. அதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, "காத்து சரியில்ல, இன்னிக்கி வேணாம்" என்று அப்பா அரசப்பன் சொல்லச் சொல்லக் கேட்காமல், தம்பி மணிமாறனையும் ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளினான். ஆறு கடலில் போய் விழுகிற வாயிலேயே அலை படகைப் புரட்டிப் போட்டது. சந்தோஷ் நீந்திக் கரை சேர்ந்தான். மணிமாறன் மூன்றாம் நாள் ஒதுங்கினான்.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தக் கரையில கால் வெக்காத. போடா."

இடது கையை வீசித்தான் சொன்னார். அவருடைய வலது கை என்றோ கயிற்றில் சிக்கி முறிந்தது, தோளுக்கு மேலே எழும்பாது. சோறு தின்பதைத் தவிர எல்லாமே இடது கைதான். அந்தக் கை வீச்சு சந்தோஷின் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்று இரவே ஊரை விட்டுப் போனான். அந்தமானில் போய்க் கிடைத்த வேலையெல்லாம் செய்தான்.

அங்கேதான் தென்னரசு வந்து சேர்ந்தார். ஓமந்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் பேரனைக் கொஞ்சுவார்கள், இவர் போர்ட் பிளேரில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். அதைப் பாண்டிச்சேரிக்கு ஓட்டிப்போகக் கூட ஓர் ஆள் வேண்டும் என்றார். எட்டு நாள் பயணம். சந்தோஷ் உடனே சரி என்றான். மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரே ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு அம்மா பவுனுவுக்குப் போன் பண்ணினான்.

"கடல் வழியா வர்றேன்மா. எட்டு நாள் ஆவும். அப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லல."

"என்கிட்ட பேசுவாராம்மா?"



"நீ வா" என்றாள் அம்மா.

பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை ஆறு மணிக்குப் பாய் ஏற்றினார்கள். நல்ல வாடைக்காற்று. மூன்றாம் நாள் சந்தோஷின் போன் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. அம்மாவின் நம்பரும் அதோடு போயிற்று. இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் மனப்பாடம்? ஆறாம் நாள் இன்ஜின் நின்றது. பிறகு பேட்டரி தீர்ந்தது, ஆழம் காட்டும் பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. எட்டாம் நாள் மிச்சம் இருந்தது அரை கேன் குடிதண்ணீரும், தென்னரசுவின் போனில் ஒன்பது சதவீத சார்ஜும்தான்.

பிப்ரவரி 20, வியாழக்கிழமை. மாலை 3.30 மணிக்குக் கரை தெரிந்தது. தென்னரசு போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தார்.

"பாண்டி இன்னும் தெக்க இருக்குது. ஆனா இங்க நேரா ஒரு துறைமுகம் காட்டுதே. உங்க ஊர் இல்ல இது?"

சந்தோஷ் எழுந்து நின்று பார்த்தான். அவன் ஊர்தான். ஆனால் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆற்று வாயின் இரண்டு பக்கமும் கறுப்புக் கல் சுவர்கள் கடலுக்குள் நீண்டு கிடந்தன. நீலத் தகரம் போட்ட ஏலக் கூடம், உயரமான விளக்குக் கம்பம். எல்லாம் அவன் போன பிறகு வந்தவை. பிறந்து வளர்ந்த கரைக்கு, முன்பின் தெரியாத துறைமுகத்துக்கு வருகிறவனைப் போல வந்துகொண்டிருந்தான்.

"இருட்டறதுக்குள்ள உள்ள போயிடலாம். தண்ணி பிடிச்சிக்கினு, நீயும் வீட்டுக்குப் போய்ட்டு வா" என்றார் தென்னரசு.

சந்தோஷ் சுக்கானைக் கையில் வாங்கிக்கொண்டான். சரி என்றான்.

5.40 மணி. கரை நெருங்கிக்கொண்டிருந்தது. சூரியன் நிலத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, கண் கூசியது. துறைமுக வாய் சலனமில்லாமல் கிடந்தது. கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு அலையின் முதுகு மட்டும்தான் தெரியும், அது எங்கே உடைகிறது என்பது கரையில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

5.47. தெற்குச் சுவரின் முனையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கறுப்பாக, நிழல் மாதிரி. தலையில் துண்டு. சற்று முன்னால் அங்கே யாரும் இல்லை.

அந்த ஆள் கை வீசினார்.

இடது கை.

சந்தோஷ் எழுந்து நின்றான். ஐந்து வருடமாகக் கண்ணுக்குள் இருந்த அதே வீச்சு. வலது கை பக்கத்தில் தொங்கியது.

"சார்... அது எங்கப்பா."

தென்னரசு பைனாகுலரை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எதுமேல நிக்கிறாரு?"

"கல்லு மேல சார். சுவரு முனையில."

"எனக்குக் கல்லே தெரியலயே..."

வெயில் கூசுகிறது, வயசான கண் என்று சந்தோஷ் நினைத்துக்கொண்டான். அவனுக்குச் சுவர் நன்றாகத் தெரிந்தது.

5.52. பாய் புடைத்து நின்றது. அவ்வளவு காற்று. ஆனால் அப்பாவின் தலைத்துண்டு அசையவில்லை. கைலி அசையவில்லை.

ஒரு பெரிய அலை எழுந்து அவரை இடுப்பு வரை மறைத்தது. இறங்கியது. அவர் அதே இடத்தில் இருந்தார். கைலியில் ஈரம் இல்லை.

இன்னொன்றும் சரியில்லை. படகு கரையை நெருங்க நெருங்கச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. கம்பம் பெரிதாகியது. அப்பா மட்டும் முதலில் பார்த்த அளவிலேயே இருந்தார்...

5.58. கை நிற்கவில்லை. தெற்கே... தெற்கே... போ என்றுதான் வீசினார்.

6.01. குரல் கேட்டது.

காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது. கரையில் கத்தினால் படகுக்குக் கேட்க வழியே இல்லை.

ஆனால் கேட்டது. தோளுக்குப் பக்கத்தில்.

"போப்பா... போ..."

சந்தோஷ் திரும்பினான். பின்னால் யாரும் இல்லை.

தென்னரசுவும் பைனாகுலரை இறக்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

பயம்தான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று இருந்தது. இன்னும் மன்னிக்கவில்லை. கடலில் எட்டு நாள் கிடந்து வந்தவனைக் கரையில் கால் வைக்கக்கூட விடவில்லை. பெற்ற அப்பாவே துரத்துகிறார்.

"வேணாம் சார்" என்றான். "பாண்டிக்கே போயிடலாம்."

6.04. சுக்கானைத் திருப்பினான். படகு தெற்கே சாய்ந்தது.

6.10. திரும்பிப் பார்த்தான். கை இறங்கியிருந்தது.

ஆளும் இல்லை.

இரவு முழுவதும் படகு தெற்கே போய்க்கொண்டிருந்தது. தென்னரசு ஒருமுறை விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். சந்தோஷ் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அழுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான், அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு விசைப்படகுக்காரர் கயிறு கொடுத்து அவர்களைப் பாண்டிச்சேரித் துறைமுகத்துக்குள் இழுத்துப் போனார். தரையில் கால் வைத்ததும், அந்தமானுக்கே திரும்பப் போகிறேன் என்றான் சந்தோஷ். தென்னரசுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பன் மொறச்சா அம்மா செத்தா போய்ட்டாங்க? ஊருக்குள்ள போவாத. ரோட்லயே நின்னு, யார்கிட்டயாவது சொல்லி அனுப்பி, அம்மாவப் பாத்துட்டு வா. போ."

சொன்னது நியாயமாகப் பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறினான். அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வழியில்தான் உறைத்தது. அன்று அப்பா சொன்னது 'போடா'. நேற்றுக் கேட்டது 'போப்பா'. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அப்படித்தான் சொல்வார்.

மதியம் 12.20. குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் பஸ் நின்றது. இறங்கி நிமிர்ந்தான்.

நிழற்குடையை ஒட்டி ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி.

அப்பாவின் போட்டோ. தங்கச்சி சங்கவி கல்யாணத்தில் எடுத்தது, வெள்ளைச் சட்டையில்.

மறைவு: 14.02.2025.

கீழே மூன்று பெயர்கள். மனைவி பவுனு. மகன் சந்தோஷ். மகள் சங்கவி.

அவன் விரல் விட்டு எண்ணினான். பதினான்கு... பதினைந்து... பதினாறு... இருபதில் வந்து நின்றது. நேற்றுத்தான் இருபது. நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வளைத்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் சாமியானா அவிழ்க்காமல் கிடந்தது. அம்மா அவனைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு அவளே சொன்னாள்.

"சொல்லாதன்னு நீ சொன்ன. என்னால முடியலய்யா. போனை வெச்ச ஒடனே சொல்லிட்டேன். அவரு ஒரு பேச்சு பேசல. மறுநாள் சாயங்காலம் சட்டைய மாட்டிக்கினு சுவர் முனைக்குப் போய் நின்னாரு. வர எட்டு நாள் ஆவும்னு சொன்னானேன்னேன். 'காத்து நல்லா இருந்தா ஜல்தி வந்துடுவான்'னாரு."

"எதுக்கும்மா நின்னாரு?"

"சுவரு போட்டதுலேந்து வாயில மணலு ஏறிக்கினே கெடக்குது. போன மாசம் கூட ரெண்டு படகு பொரண்டுச்சி. 'அவன் போனப்ப இந்தச் சுவரு இல்ல, மேடு எங்க இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. நேரா உள்ள வுட்டுடுவான். ஒருத்தன குடுத்தது போதும். பாண்டிக்குப் போவச் சொல்லி கை காட்றேன், அங்க எறங்கி பஸ்ஸுல வரட்டும்'னாரு. மூணு நாளு போனாரு. மூணாம் நாளு திரும்பி வரல."

 தான் கடல் வழியாக வருவதாகச் சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா அந்த முனைக்கே போயிருக்க மாட்டார் என்ற நினைப்பு சந்தோஷுக்கு வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

அன்று மாலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தெற்குச் சுவரில் நடந்தான். மணி 5.47. நேற்று அவன் பார்த்த நேரம்.

சுவர் பாதியில் முடிந்திருந்தது. உடைந்த கற்கள். அதற்கு அப்பால் வெறும் தண்ணீர். கலங்கிய அலை எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து பார்க்கும்போது அது உடைகிற இடம் நன்றாகத் தெரிந்தது.

"அப்பா எங்கம்மா நின்னாரு?"

அம்மா கையை நீட்டினாள். தண்ணீருக்கு மேலே, நாற்பது அடி தூரத்தில்.

"தோ... அங்க. முனை அப்படியே சரிஞ்சி உள்ள போய்டுச்சி. ஆறு பத்து இருக்கும். அவரோட சேத்து."

எதுமேல நிக்கிறாரு என்று தென்னரசு கேட்டது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. 

"அம்மா... நேத்து சாயங்காலம் அப்பா அங்க நின்னாரும்மா. நான் பாத்தேன். உள்ள வராத, போன்னு கை காட்டுனாரு."

அம்மா பயப்படவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"எந்தக் கையில?"

"இடது கையில."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அந்த வெறும் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் நீ எப்படிய்யா வந்த?"

"பாண்டியில எறங்கி... பஸ்ஸுல."

"இந்தத் தடவயாவது அப்பன் பேச்சைக் கேட்டியே" என்று சொல்லிவிட்டு, அம்மா அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.